பரணிலிருந்து இறங்கும் ரிமோட் கார்: பழைய பொம்மைக்குள் இருக்கும் அறிவியல்

வேலூர்க் கோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள லாங் பஜார், நேதாஜி மார்க்கெட்டின் காய்கறி, பூ, பலசரக்கு வணிகத்தோடு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை போன்ற தோல் தொழில் ஊர்களின் குடும்பங்கள் ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் பொருள் வாங்க வரும் கடைத்தெருவாகவும் விளங்குகிறது. இத்தகைய கடைத்தெருக்களில் கடந்த அரை நூற்றாண்டில் விற்பனையான பொம்மைக் கார்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஆற்றலும் கட்டளையும் படிப்படியாகப் பிரிந்த ஒரு தொழில்நுட்ப வரலாறு அதில் தெரியும். சாவி கொடுத்தால் ஓடும் தகரக் காரில் சுருள்வில்லில் சேமித்த ஆற்றல் மட்டுமே உண்டு. ஓடத் தொடங்கியபின் அதற்குக் கட்டளையிட வழியில்லை. ஒயர் ரிமோட் காரில் பேட்டரிகள் கைப்பிடிப் பெட்டிக்குள் இருந்ததால், ஆற்றலும் கட்டளையும் ஒரே ஒயர் வழியாகச் சென்றன. குழந்தை காரின் பின்னாலேயே நடக்க வேண்டியிருந்தது. ரேடியோ ரிமோட் காரில்தான் ஆற்றல் வண்டிக்குள்ளும் கட்டளை காற்றுவெளியிலும் என இரண்டும் முழுமையாகப் பிரிந்தன.

1980களிலும் 1990களிலும் குழந்தைகளாக இருந்தவர்கள் அந்தக் கார்களைப் பரணிலிருந்து இறக்கிப் பார்க்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பெருகியிருக்கிறது. அவற்றை அலங்காரப் பொருளாகக் கண்ணாடி அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கார்களின் உண்மையான மதிப்பு அவற்றைத் திறந்து பார்க்கும்போதுதான் வெளிப்படுகிறது. நான்கு திருகுகளைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும் அளவில் சுருள், மின்தேக்கி, டிரான்சிஸ்டர், மோட்டார், பற்சக்கரம் ஆகிய அனைத்தும் தனித்தனியாக அமைந்திருப்பதால், பள்ளி இயற்பியலும் வேதியியலும் அறிந்த எவரும் அவற்றின் செயலைப் புரிந்துகொள்ளவும், கெட்டுப்போன உறுப்பை மாற்றவும் இயலும்.

கம்பியில்லாக் கட்டளையின் பிறப்பு

தொலைவிலிருந்து ஒரு பொருளை மின்காந்த அலையால் இயக்கலாம் என்பதை இந்திய மண்ணில் பொதுமக்கள் முன் நிறுவியவர் ஜகதீஷ் சந்திர போஸ். அவர் 1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களைக் கடந்து சென்ற அலைகளால் ஒரு மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1898இல், நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகை ரேடியோ அலையால் திருப்பிக் காட்டி, அதே ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அலை வந்து சேர்ந்ததை அக்காலக் கருவிகள் உலோகத் துகள்கள் நிறைந்த ஒரு குழாயின் மூலம் அறிந்தன. அலை பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தைக் கடத்தும், குழாயைத் தட்டினால் மீண்டும் பிரியும்.

இந்தக் கருத்து குழந்தையின் கைக்கு வருவதற்கு, சிறிய பேட்டரியில் இயங்கும் மலிவான பெருக்கி ஒன்று தேவைப்பட்டது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் அத்தேவையை நிறைவேற்றியது. 1966இல் இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் ரேடியோவால் இயங்கும் ஃபெராரி மாதிரிக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976இல் ஜப்பானின் தமியா நிறுவனம், அசலில் 12இல் ஒரு பங்கு அளவுள்ள போர்ஷ் 934 காரைத் தொகுப்புப் பெட்டியாக வெளியிட்டது. வாங்குபவரே உறுப்புகளைப் பொருத்தி முடிக்க வேண்டிய இத்தகைய கார்கள் பொழுதுபோக்கு வகை எனவும், பேட்டரி போட்டதும் ஓடும் நிக்கோ, தாயோ முதலான நிறுவனங்களின் கார்கள் பொம்மை வகை எனவும் பிரிந்தன. தமியா 1979இல் வெளியிட்ட மணல்வெளி வண்டியான சேண்ட் ஸ்கார்ச்சர், 2010இல் மீண்டும் தயாரிக்கப்பட்டது என்பதே, வளர்ந்துவிட்ட குழந்தைகளின் ஆர்வம் எவ்வளவு வலிமையானது என்பதற்குச் சான்று.

இந்தியக் கடைத்தெருவை வந்தடைந்த வழி

இந்தியாவில் இந்தக் கார்கள் நீண்ட காலம் அரிய பொருளாகவே இருந்தன. நுகர்பொருள் இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், வளைகுடா நாடுகளில் வேலை செய்தவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் கொண்டுவந்தவையும், சென்னை பர்மா பஜார் போன்ற வெளிநாட்டுப் பொருள் சந்தைகளில் கிடைத்தவையுமே பெரும்பாலான வீடுகளை எட்டின. மேலும், 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ரேடியோ கருவியை உரிமமின்றி வைத்திருப்பதையே தடை செய்தது, பிற்காலத்தில்தான் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிம விலக்கு அளிக்கப்பட்டது. 2001 ஏப்ரல் 1 அன்று எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபின், சீனாவில் தயாரான மலிவு ரிமோட் கார்கள் சிற்றூர்க் கடைகள் வரை பரவின. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டையிலேயே இன்று ஃபன்ஸ்கூல் நிறுவனத்தின் பொம்மைத் தொழிற்சாலை ஒன்று இயங்குகிறது.

விலை சரிந்ததோடு பழக்கமும் மாறியது. அரிய பொருளாக இருந்தபோது, நின்றுபோன காரை டிரான்சிஸ்டர் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது இயல்பாக இருந்தது, ஏனெனில் இரண்டுக்கும் உள்ளே இருந்த உறுப்புகள் ஏறக்குறைய ஒரே வகையானவை. மலிவு பெருகியபின், பழுதான கார் குப்பைக்குச் சென்றது. அதனுடன் அதைப் பழுதுபார்க்கும் அறிவும் மெல்லக் குறைந்தது.

27 மெகாஹெர்ட்ஸ்: பதினொரு மீட்டர் நீள அலை

பழைய ரிமோட் காரின் அடிப்பகுதியிலோ பெட்டியிலோ 27 அல்லது 49 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். இது அதிர்வெண், அதாவது ஒரு விநாடியில் அலை எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் குறிக்கும் அளவு. 27 மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 2 கோடியே 70 லட்சம் அதிர்வுகள். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும் அலைநீளம் ஏறத்தாழ 11 மீட்டர். ஆன்டெனா சிறப்பாகச் செயல்பட அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 2.75 மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு நீளக் கம்பியைக் குழந்தையின் கையில் கொடுக்க முடியாது. எனவே பொறியாளர்கள் இழுத்து நீட்டும் குட்டை ஆன்டெனாவின் அடியில் ஒரு கம்பிச் சுருளைச் சேர்த்து, மின்னியல் அளவில் அதன் நீளக் குறையை ஈடுசெய்தனர். ஆன்டெனாவை முழுவதும் நீட்டாமல் விளையாடினால் கார் சில அடிகளிலேயே கட்டளைக்குப் பணியாமல் போவதற்கு, அந்த ஈடு முழு நீளத்துக்கெனவே கணக்கிடப்பட்டிருப்பதுதான் காரணம்.

27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பொழுதுபோக்கு வகைக் கார்களுக்கு 26.995 முதல் 27.255 வரை ஆறு அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டு, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என நிறக்கொடிகளால் அடையாளம் காட்டப்பட்டன. ஒவ்வொன்றையும் நிலைநிறுத்தியது, மின்னழுத்தம் தந்தால் துல்லியமாக அதிரும் குவார்ட்ஸ் படிகம். பொம்மை வகைகளில் பெரும்பாலானவை மஞ்சள் வரிசையாகிய 27.145 அல்லது 49.860 மெகாஹெர்ட்ஸ் என ஒன்றிலேயே இயங்கியதால், ஒரே தெருவில் இரண்டு குழந்தைகள் விளையாடினால் ஒருவர் பொத்தானை அழுத்த மற்றவரின் கார் திரும்பியது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்கள் அலைவரிசை மாறியும் அடையாளக் குறியீட்டைச் சரிபார்த்தும் இயங்குவதால் இந்தக் குழப்பம் அவற்றுக்கு இல்லை.

ஒரே டிரான்சிஸ்டரில் ஓர் ஏற்பி

மலிவு காருக்குள் இருக்கும் ரேடியோ ஏற்பி, எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1922இல் அறிவித்த மீ-மீளூட்ட முறையைப் பின்பற்றுகிறது. ஒரு பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை மீண்டும் அதன் உள்ளீட்டுக்கே திருப்பினால், பெருக்கம் பலமடங்கு கூடி, ஒரு கட்டத்தில் அது தானாகவே அதிரத் தொடங்கிவிடும். அந்த அதிர்வு தொடங்கும் எல்லையில் டிரான்சிஸ்டரை நிறுத்தி, அதிர்வு எழும் ஒவ்வொரு முறையும் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அணைத்துவிட்டால், மிக நுண்ணிய அலைகூடப் பெரிய மாற்றமாக வெளிப்படும். இந்த முறையால் பல டிரான்சிஸ்டர்கள் செய்யும் வேலையை ஒன்றே செய்கிறது. அதற்கு விலையாக, ஏற்பி அருகிலுள்ள அதிர்வெண்களையும் சேர்த்துக் கேட்கிறது.

கேட்ட அலையிலிருந்து கட்டளையைப் பிரித்தறியும் முறை காருக்குக் கார் மாறும். ஒற்றைப் பொத்தான் கார்களில் சுவிட்சைப் போட்டதும் வண்டி நேராக ஓடும். பொத்தானை அழுத்தி அலையை அனுப்பினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று, வண்டி திரும்பியபடியே பின்னால் வரும். பிற்காலத்தில் பரவலான டி.எக்ஸ்-2பி, ஆர்.எக்ஸ்-2பி என்ற இணைச் சில்லுகள் எண்ணிக்கையையே மொழியாகக் கொண்டன. முதலில் நான்கு நீண்ட துடிப்புகள் தொடக்கத்தை அறிவிக்க, அவற்றைத் தொடரும் குறுந்துடிப்புகளின் எண்ணிக்கை கட்டளையாகும்: 10 என்றால் முன்னே, 40 என்றால் பின்னே, 58 என்றால் இடம், 64 என்றால் வலம். நீண்ட துடிப்பு ஒவ்வொன்றும் 2 மில்லிவிநாடியும், குறுந்துடிப்பு ஒவ்வொன்றும் 1 மில்லிவிநாடியும் எடுத்துக்கொள்வதால், முன்னே செல்லும் கட்டளை 18 மில்லிவிநாடியில் முடிந்து, பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும்வரை விநாடிக்கு 55 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

மோட்டாரும் நான்கு வாயில்களும்

கட்டளையை இயக்கமாக மாற்றுவது, நிலைக்காந்தங்களுக்கு நடுவே சுழலும் மூன்று முனை ஆர்மேச்சர் கொண்ட சிறு மோட்டார். மின்சாரத்தின் திசையை மாற்றினால் மோட்டாரின் சுழற்சியும் மாறும் என்பதால், நான்கு டிரான்சிஸ்டர்களைப் பாலம்போல் இணைத்து, குறுக்கே எதிரெதிராக உள்ள இரண்டை மட்டும் ஒரு நேரத்தில் திறக்கும் சுற்று பயன்படுகிறது. மோட்டார் நின்றிருக்கும்போது அதன் திருப்பு விசையும் அது இழுக்கும் மின்னோட்டமும் உச்சத்தில் இருக்கும். சக்கரத்தில் துணியோ முடியோ சிக்கிய காரைத் தொடர்ந்து ஓட்டினால் டிரான்சிஸ்டர் சூடேறிக் கருகுவது இதனால்தான். சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் தரும் தூரிகைகள் உரசும் இடத்தில் எழும் பொறிகள் தாமே ரேடியோ அலைகளை உமிழ்ந்து ஏற்பியைக் குழப்புவதால், மோட்டாரின் முனைகளில் 104 என்று எழுதிய சிறிய பீங்கான் மின்தேக்கி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த எண் 0.1 மைக்ரோஃபாரட் என்பதைக் குறிக்கிறது.

பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட வேகக் கணக்கும் ஆராயத்தக்கது. அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார் மணிக்கு 20 கிலோமீட்டர் சென்றால், அதைப் பத்தால் பெருக்கி 200 கிலோமீட்டருக்கு இணை என்று விளம்பரம் செய்வதுண்டு. புவியீர்ப்பு பொம்மைக்காகக் குறைவதில்லை. ஆகவே துள்ளல், சரிவு, திருப்பம் ஆகியவற்றில் ஒப்பிடும்போது வேகம் அளவின் வர்க்கமூலத்தால் மாறுகிறது, அதன்படி 20 கிலோமீட்டர் என்பது பெரிய காரின் 63 கிலோமீட்டருக்கே இணையாகும். அதே அளவுவிதி பொம்மைக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது: நீளம் பத்தில் ஒன்றாகும்போது உறுப்புகளின் வெட்டுப்பரப்பு நூறில் ஒன்றாகவும், எடை ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைவதால், மேசையிலிருந்து விழுந்த கார் உடையாமல் எழுந்து ஓடுகிறது.

பரணில் நடக்கும் வேதியியல்

விளையாட்டை விட அதிகமாகப் பழைய கார்களைக் கெடுப்பது அவை விளையாடப்படாமல் கிடந்த காலம். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது பொதுவான கணிப்பு. கோடையில் வேலூரின் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும். கூரையை ஒட்டிய பரணில் அது இன்னும் ஏறும். 30 பாகையில் இருக்கும் பொருளை விட 50 பாகையில் இருக்கும் பொருள் நான்கு மடங்கு வேகத்தில் மூப்படைகிறது.

முதல் சேதம் பேட்டரியிலிருந்து தொடங்குகிறது. துத்தநாகக் கார்பன் செல்லில் துத்தநாகக் குடுவையே மின்முனையாகவும் உறையாகவும் இருப்பதால், பயன்பாட்டில் அது கரைந்து மெலிந்து ஓட்டை விழுகிறது. உள்ளிருக்கும் குளோரைடு உப்புக் கரைசல் கசிந்து உலோகத் தொடுமுனைகளை அரிக்கிறது. அல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொடியான பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. முதல் வகைக் கசிவு அமிலத்தன்மையும், இரண்டாவது காரத்தன்மையும் உடையவை என்பதால், முன்னதைச் சமையல் சோடாக் கரைசலாலும், பின்னதை எலுமிச்சைச் சாறு அல்லது வினிகராலும் துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்தது டயர். மென்மையான டயர்கள் பல பி.வி.சி. என்ற நெகிழியால் ஆனவை; இயல்பில் கடினமான அந்த நெகிழிக்கு இளக்கம் தருவது, அதன் மூலக்கூறுகளுக்கிடையே கலந்துள்ள எண்ணெய் போன்ற இளக்கிகள். பதனிட்ட தோலுக்குக் கொழுப்பெண்ணெய் ஊட்டாவிட்டால் அது விறைத்து வெடிக்கும் என்பதைத் தோல் பட்டறைகள் நன்கு அறியும்; பி.வி.சி.யில் இளக்கியின் பணியும் அத்தகையதே. ஆண்டுகள் செல்ல இளக்கி மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுப்பாகப் படிகிறது, தொட்டுக்கொண்டிருக்கும் பிற நெகிழியையும் இளக்கித் தடம் பதிக்கிறது, டயரோ இறுகி வெடிக்கிறது. இந்த இளக்கிகளில் பரவலாக இருந்த தாலேட் வகைகளுக்கு இன்றைய பொம்மைத் தரநிலைகள் வரம்பு விதிக்கின்றன.

பொழுதுபோக்கு வகைக் கார்களின் டயருக்குள் திணிக்கப்பட்டிருக்கும் பாலியூரிதேன் நுரை பொடியாக உதிர்வதற்குக் காரணம் நீராற்பகுப்பு; காற்றின் ஈரப்பதத்திலுள்ள நீர் மூலக்கூறுகள் நெகிழியின் நீண்ட சங்கிலிகளை வெட்டித் துண்டாக்குகின்றன. ஆம்பூரின் காலணித் தொழிலுக்கு இது புதிய செய்தியன்று. ஆண்டுக்கணக்கில் பெட்டியிலேயே இருந்த பாலியூரிதேன் அடிப்பாகமுள்ள ஷூ, அணிந்த முதல் நாளே உதிர்வதும் இதே வினையால்தான். உடற்கூட்டின் ஏ.பி.எஸ். நெகிழி மஞ்சளாவதற்கோ வேறு காரணம்: அதில் கலந்துள்ள ரப்பர் தன்மையுள்ள பியூட்டாடையீன் பகுதி, புறஊதாக் கதிராலும் ஆக்சிஜனாலும் சிதைந்து, நீல ஒளியை உறிஞ்சும் சேர்மங்களாக மாறுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடால் அதை வெளுக்க இயலும் என்றாலும், மஞ்சள் மீண்டும் திரும்பி வரக்கூடும்.

கண்ணில் எளிதில் படாத சேதம் ஒன்றும் உண்டு. மோட்டாரின் எஃகுத் தண்டில் இறுக்கிச் செருகப்பட்ட சிறு நெகிழிப் பற்சக்கரம், ஓடாத காலத்திலும் அந்த இறுக்கத்தைத் தாங்கிக்கொண்டே இருப்பதால், பல ஆண்டுகளில் மயிரிழை விரிசல் கண்டுவிடுகிறது. மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் சக்கரம் திரும்பாத கார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இவற்றுக்கு மாறாக, ஃபெரைட் காந்தங்களும் சிறு மின்தடைகளும் பீங்கான் மின்தேக்கிகளும் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன.

மீட்டெடுக்கும் ஒழுங்கு

பழைய காரை உயிர்ப்பிக்க முயல்பவர் நேராகப் புதிய பேட்டரியைப் போட்டு இயக்கிப் பார்ப்பது தவறான தொடக்கம். முதலில் தொடுமுனைகளைத் துடைத்து, ஒடிந்த ஒயர்களை ஈயம் வைத்து இணைத்து, பற்சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பின்னர் சுற்றிலிருந்து பிரித்த மோட்டாருக்கு மட்டும் 1.5 வோல்ட் கொடுத்து அது சுழல்கிறதா என்று அறிய வேண்டும். மோட்டார் சுழன்றும் கார் கட்டளைக்குப் பணியாவிட்டால், திரவ மின்பகுளி உலர்ந்துபோன மின்தேக்கியை, அதே மைக்ரோஃபாரட் அளவும் குறையாத வோல்ட் அளவும் உள்ள புதியதால் மாற்றலாம். தூரம் மட்டும் குறைவாக இருந்தால், ஏற்பிச் சுருளின் உள்ளே உள்ள ஃபெரைட் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி இசைவிக்க வேண்டும். இதற்கு நெகிழித் திருப்புளியையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் இரும்புத் திருப்புளி அருகில் வந்தாலே சுருளின் மின்தூண்டல் மாறி, அதை எடுத்ததும் இசைவு கலைந்துவிடும். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரித் தொகுதியை மட்டும் பிரிக்கவோ குப்பையில் எறியவோ கூடாது. காட்மியம் நச்சு உலோகம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மின்சாரப் பொம்மைகளையும் தம் பட்டியலுக்குள் கொண்டுவந்துள்ளன. எனவே இனி ஓடவே இயலாத கார் சேர வேண்டிய இடம் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரே. ஆனால் பரணில் கிடக்கும் கார்களில் பல, அந்த நிலையை இன்னும் அடையாதவை; அவற்றை நிறுத்தியது பெரும்பாலும் அரித்த தொடுமுனை, விரிசல் விட்ட பற்சக்கரம், உலர்ந்த மின்தேக்கி ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். இன்றைய காரின் கட்டளைச் சில்லு ஓர் அரிசி அளவுக்குச் சுருங்கி, திறந்தாலும் எதுவும் தெரியாத நிலைக்கு வந்துவிட்ட காலத்தில், திறந்தால் எல்லாம் தெரியும் கருவி ஒன்று வீட்டிலேயே இருப்பது பெரும் பேறு. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் அந்தக் காரைக் குழந்தைக்கு ஓட்டக் கொடுப்பதற்கு முன், ஒரு திருப்புளியையும் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.